ரிட்டயர் ஆனவரின் இரண்டாவது உத்தியோகம்

அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றி, கடலும் ஆறும் ஏரியும் கால்வாயுமாக ஏறக்குறைய 6,000 மைல் நீளத்துக்கு ஒரு தண்ணீர் வளையம் இருக்கிறது. 'கிரேட் லூப்' என்பார்கள். அட்லாண்டிக் கரையோரமாக வடக்கே ஏறி, நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்குள் நுழைந்து, ஈரி கால்வாய் வழியாகப் பேரேரிகளைப் பிடித்து, சிகாகோவில் ஊருக்குள் புகுந்து, இல்லினாய், மிசிசிப்பி, டென்னசி என்று ஆறு மாறி ஆறு கடந்து, மெக்சிகோ வளைகுடாவில் இறங்கி, ஃபுளோரிடாவை வளைத்துக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். இதைச் சொந்தப் படகில் சுற்றுகிறவருக்கு லூப்பர் என்று பெயர். ஆசாமி பெரும்பாலும் அறுபதைத் தொட்டவர் அல்லது தாண்டியவர். முப்பது முப்பத்தைந்து வருஷம் ஏதோ ஒரு கம்பெனியில் கடிகாரத்துக்குக் கைகட்டி நின்றவர். இந்த வயதில் ஏன் இந்தப் பாடு என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: விடுதலை. இந்தப் பதிலைத்தான் நான் நம்ப மறுக்கிறேன். ஓர் உத்தியோகத்தை விட்ட கையோடு, அதைவிடக் கறாரான இன்னொன்றில் அவர் சேர்ந்திருக்கிறார். அதுவும் சம்பளம் வாங்கி அல்ல, கொடுத்து.

முதலில் அவருடைய காலண்டரைப் பாருங்கள். ஈரி கால்வாய் மே மாத நடுவில் திறந்து அக்டோபர் நடுவில் மூடிவிடும். 1825இல் வெட்டி முடித்த கால்வாய். யாருக்காகவும் முன்னதாகத் திறக்காது. இலையுதிர் காலம் முற்றினால் மிச்சிகன் ஏரியின் குணம் மாறிவிடும் என்பதால், செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தினம் கழிந்ததுமே சிகாகோவை விட்டுக் கிளம்புவது வழக்கம். சரி, அதே வேகத்தில் தெற்கே போய்விடலாமே என்றால் அதுவும் ஆகாது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். அது தணியுமுன் இன்ன எல்லையைத் தாண்டினால் நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பல இன்ஷூரன்ஸ் பத்திரங்களில் எழுதியிருக்கும். பின்னால் குளிர் நெட்டித் தள்ளுகிறது, முன்னால் பத்திரம் கையை நீட்டித் தடுக்கிறது. நடுவே டென்னசி ஆற்றில் லூப்பர்கள் கூட்டமாக மெல்ல நகர்ந்து பொழுதைப் போக்குகிறார்கள். ஆபீசில் இதற்கு 'பெஞ்சில் இருப்பது' என்று பெயர்.

திசையையாவது அவர் இஷ்டப்படி தேர்ந்தெடுக்கலாம் அல்லவா? சட்டம் தடுக்கவில்லை, ஆனால் மிகப் பெரும்பாலோர் இடமிருந்து வலமாக அல்ல, வலமிருந்து இடமாகவே சுற்றுகிறார்கள். நம் கோயில் கணக்கில் சொன்னால் அப்பிரதட்சிணம். காரணம் பக்தியல்ல, சாக்கடை. சிகாகோ நகரத்தின் கழிவு குடிநீர் ஏரியில் கலந்துவிடாமலிருக்க, 1900இல் ஒரு கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்ப்பக்கம் ஓட வைத்தார்கள். அந்தக் கால்வாயின் ஓட்டமும் மிசிசிப்பியின் ஓட்டமும் சேர்ந்து படகைத் தள்ளுவதால் டீசல் மிச்சம். ஆக, வாழ்நாள் கனவு எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே சிகாகோவின் கழிவுநீர் இலாகா முடிவு செய்துவிட்டது. படகு எவ்வளவு உயரமாக இருக்கலாம் என்பதைத் தீர்மானித்திருப்பது அந்தக் கால்வாயின் குறுக்கே அசையாமல் நிற்கும் ஒரு ரயில் பாலம். அடியில் சுமார் 19½ அடிதான் இடைவெளி. சுற்றிப் போக வேறு வழி கிடையாது. அதனால் லூப்பர் படகு வாங்கப் போகும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் அளவு நாடாவை எடுக்கிறார்.

உத்தியோகத்தின் உச்சம் 'லாக்'குகளில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பெரிய கதவு போட்ட தொட்டி அது. படகு உள்ளே போனதும் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். அமெரிக்க ஆறுகளின் லாக்குகளில் யார் முன்னே, யார் பின்னே என்று ஒரு வரிசை உண்டு. ராணுவக் கப்பல், தபால், பயணிகள் கப்பல், சரக்குத் தெப்பம், வணிக மீன்பிடிப் படகு, எல்லாம் முடிந்த பிறகு உல்லாசப் படகு. சரக்குத் தெப்பம் என்றால் பதினைந்து பார்ஜ்களை ஒன்றாகக் கட்டித் தள்ளிக்கொண்டு வரும் நிலக்கரி, மக்காச்சோள ஊர்வலம். அது ஒரே தடவையில் தொட்டிக்குள் அடங்காவிட்டால் இரண்டாகப் பிரித்து ஏற்ற ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். ஒரு காலத்தில் தன் அறை வாசலில் பத்துப் பேரைக் காக்க வைத்த முன்னாள் துணைத் தலைவர், கையில் கயிற்றுடன், நிலக்கரிக்கு வழிவிட்டு நிற்கிறார். கழிவுத் தொட்டி நிரம்பினால் படகுத்துறையில் குழாய் மாட்டி உறிஞ்சி எடுக்கவேண்டும். அந்தக் குழாயின் மறுமுனையைப் பிடித்திருப்பவரும் அவர்தான். ஆபீசில் இருந்தபோது இதற்கு ஒரு மெமோ போதும்.

மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் சித்திரம் பாதிதான். படகுலக மரபில் கணவர் 'கேப்டன்', மனைவி 'அட்மிரல்'. பதவிப் படியை அறிந்தவர்களுக்கு யார் பெரியவர் என்று விளக்கத் தேவையில்லை. காற்றடிக்கும்போது படகைத் துறையில் அணைப்பதுதான் இவர்களுக்கு அன்றாடச் சோதனை. இன்ஜின் சத்தத்தில் முன்முனையில் இருப்பவர் கத்துவது பின்னால் சுக்கான் பிடிப்பவருக்குத் தகவலாகக் கேட்காது, திட்டாகத்தான் கேட்கும். ஆகையால் இருவரும் தலையில் மைக் வைத்த ஹெட்செட் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் 'தாம்பத்திய ரட்சகன்'. சாயங்காலம் துறை மேடையில் மடக்கு நாற்காலிகளும் கோப்பைகளுமாக ஒரு கூட்டம் கூடும். 'டாக்டெயில்' என்பது அதன் பெயர். இரண்டாவது கோப்பைக்குள் பேச்சு பம்பு, பில்டர், கழிவுத் தொட்டிக்கு வந்து சேர்ந்துவிடும். பிரியும்போது ஒருவருக்கொருவர் கார்டு கொடுத்துக்கொள்வார்கள். ஆம், விசிட்டிங் கார்டு! படகின் பெயர் பெரிதாக, தம்பதியின் பெயர் சிறிதாக. வேலையை விட்டவர் எவரும் கார்டு அச்சடிப்பதில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. காற்றுக்கும் குளிருக்கும் கட்டுப்படுவதும் மேலதிகாரிக்குக் கட்டுப்படுவதும் ஒன்றா? ஒன்றல்ல. ஆனால் லூப்பர் கட்டுப்படுவது காற்றுக்கு மட்டுமா? இன்ஷூரன்ஸ் பத்திரத்துக்கும், லாக் வாசலின் பச்சை விளக்குக்கும், மணிக்கொரு தரமோ அரை மணிக்கொரு தரமோ மட்டும் திறக்கும் தூக்குப் பாலங்களுக்கும் அவர் பணிகிறார். 1895இல் ஜோஷுவா ஸ்லோக்கம் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பியபோது எடுத்துப்போன கடிகாரம், முகப்புக் கண்ணாடி உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம். மூன்று வருஷம் அதை நம்பிப் போய்த் திரும்பினார். லூப்பரின் படகிலோ ஜி.பி.எஸ். இரண்டு, ரேடார் ஒன்று. வேகம் எட்டு நாட், அதாவது சைக்கிள் வேகம். திறந்த கடலில் நீண்ட ஓட்டம் என்று சொல்லத் தகுந்தது ஃபுளோரிடாவின் வளைகுடாப் பக்கம் ஓர் இரவுதான். சுமார் 170 மைல். அதற்கும் காராபெல் என்ற சிற்றூரில் நாள்கணக்கில் கூடி உட்கார்ந்து, வானிலை அறிக்கையை அலசி, ஏகமனதாகத் தீர்மானம் போட்டபின்பே கிளம்புகிறார்கள். மீட்டிங்கை விட்டு ஓடிவந்தவர் கூட்டுகிற மீட்டிங்!

பணக்காரர் பொழுதுபோக்கு என்பது இன்னொரு குற்றச்சாட்டு. செலவு உண்டுதான், ஆனால் சின்னத் திறந்த படகிலும் ஜெட் ஸ்கீயிலும்கூட இதைச் சுற்றி முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டில் முடிக்காமல் பல வருஷம் துண்டு துண்டாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. என் வாதத்தில் இவர்கள் ஓட்டை என்று ஒப்புக்கொள்கிறேன், சிறிய ஓட்டை. இன்னும் படகே வாங்காமல், பத்து வருஷமாக வரைபடத்தையும் கருத்தரங்கையும் கட்டிக்கொண்டு, 'இன்னும் இரண்டடி நீளமாக ஒன்று கிடைத்தால்' என்று தள்ளிப்போடுகிறவரையும் கணக்கில் சேர்க்கலாம். அவர் வேலைக்கு மனுப் போட்டிருப்பவர்.

லூப்பர் சந்தோஷமாக இருக்கிறார் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதற்கும் காரணம் இந்த உத்தியோகமே. பழைய ஆபீசில் முப்பது வருஷம் உழைத்ததற்கு என்ன மிஞ்சியது என்று விரல் வைத்துக் காட்ட அவரால் முடியாது. இங்கே இருட்டுமுன் ஐம்பது மைல் கழிந்ததை வரைபடத்தில் காட்டலாம். பதவி உயர்வும் தவறாமல் வரும். 'அமெரிக்காஸ் கிரேட் லூப் க்ரூசர்ஸ் அசோசியேஷன்' என்ற சங்கத்தின் கொடி சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வெள்ளை. புறப்பட்ட இடத்தில் தன் பழைய தடத்தையே வெட்டிக் கடந்ததும் தங்க நிறம். தங்கம் கிடைத்த பலர் 'லூப் முடித்த படகு' என்று விளம்பரம் கொடுத்துப் படகை விற்றுவிடுகிறார்கள். வீடு, தோட்டம், பேரக்குழந்தைகள் என்று உட்கார வேண்டியதுதான். உட்கார முடியாதவர்களை உத்தேசித்துச் சங்கம் பிளாட்டினம் நிறத்திலும் ஒரு கொடி வைத்திருக்கிறது, மறுபடியும் சுற்றியவர்களுக்கு. ஈரி கால்வாய் வருகிற வருஷமும் மே மாத நடுவில்தான் திறக்கும்.