தப்பே தட்டுப்படாமச் சரிபார்க்கறது எப்படி?

ஏனுங் தம்பி, ஆனைமலைத் தேக்குக் கணக்கைச் சரிபார்க்க வந்திருக்கீங்களாமே? ரொம்ப நல்லதுங். தப்பே தட்டுப்படாம அந்த வேலையை முடிக்க வழி சொல்லித்தாரேன், கேட்டுக்குங்க.

மொதல்ல, அன்னிக்கு அளந்தவங்களையே இன்னிக்கும் அனுப்புங்க. பழைய ரிஜிஸ்டரையும் கையில குடுத்துடுங்க, பாவம், மறந்துருப்பாங்க. எந்தப் பிளாட்டைப் பார்க்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட்றாதீங்க. அது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இழுக்கும், அட்டை கடிக்கும். ரோட்டோரமா நாலு பிளாட்டு எடுத்தா ஜீப்பை விட்டு எறங்க வேண்டியதில்லை.

டேப்பு புடிக்கறதுலயும் சூட்சுமம் இருக்குதுங். 1.37 மீட்டர் உயரத்துல சுத்தோணும். சரிவுல நிக்கற மரத்துக்கு மேட்டுப்பக்கம் நின்னுதான் அந்த உயரத்தை எடுக்கோணும். மூச்சு வாங்குதா? பள்ளத்துப் பக்கமே நின்னுக்குங்க. கீழ போகப் போக அடிமரம் பருத்திருக்கும், மரத்துக்கும் மருவாதை. டேப்பு சாஞ்சு சுத்துனாலும் போகட்டும். சாஞ்ச டேப்பு கூடத்தான் காட்டும், கொறைச்சுக் காட்டாது. அத்தனை தாராள மனசு அதுக்கு. 120 சென்டிமீட்டர் 124 ஆகும். நாலு சென்டிமீட்டருதானேம்பீங்க. சுத்தளவை அதாலயே பெருக்கித்தான கன அளவு வருது? அங்க போய் 7 சதவீதத்துக்குக் கிட்டத்துல ஊதிரும். மரத்துக்கு 0.02 கன மீட்டர் கூடுனாலே, 10,000 மரத்துல 200 கன மீட்டர் தேக்கு காயிதத்துல வளர்ந்து நிக்கும். அதை எந்தத் திருடனும் வெட்டமாட்டான்!

ஒரு மரத்துல கூடவும் இன்னொண்ணுல கொறையவும் வர்ற தப்பு, மொத்தத்துல பெரும்பாலும் அடிபட்டுப் போயிரும். ஒரே பக்கம் சாயற தப்புத்தான் குமிஞ்சுக்கிட்டே போகும். அதனால வித்தியாசம் எழுதறப்போ கூட்டல், கழித்தல் குறியை மறந்தும் போட்றாதீங்க. சாயறது வெளிச்சமாயிரும்.

அடுத்தது, சுத்தளவை வெச்சுக் கன அளவு கண்டுபுடிக்கற சூத்திரம். டேராடூன்ல இருக்கற இந்திய வன ஆய்வு நிறுவனம் 1996ல பெரிய சூத்திரப் புத்தகமே போட்டுருக்குது. அதுல எந்த ஊர்க் காட்டுக்கு எதுன்னு பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. மாப்பிள்ளைக்குத் தச்ச சட்டையை மாமனாருக்கு மாட்டிவிட்ட மாதிரி ஒண்ணை எடுத்து மாட்டுங்க. முக்கியமா, நெருக்கத்தைக் கொறைக்க வெட்டற மரத்துல பத்தைத் துண்டு துண்டா அளந்து, கூட்டிப் பார்த்து, சூத்திரம் சொன்னதோட ஒப்பிட்டுறாதீங்க. உண்மை தெரிஞ்சுரும்.

ஒப்பிட்டே தீரோணும்னா டிப்போக் கணக்கோட ஒப்பிடுங்க. அங்க ஹாப்பஸ் முறைன்னா, சுத்தளவுல கால்பங்கை அதாலயே பெருக்கி நீளத்தால பெருக்குவாங்க. 120 சென்டிமீட்டர் சுத்தளவு, 3 மீட்டர் நீளத்துண்டு அதுல 0.27 கன மீட்டர். உருளைக் கணக்குல 0.34. அந்த முறையே 21.5 சதவீதத்தை முழுங்கிருது. நீங்க ஊதுனதை அது அமுக்கும், ரெண்டும் சேந்து தப்பு எங்கன்னே தெரியாமப் பண்ணிரும்.

இத்தனையும் செஞ்சீங்கன்னா புதுக்கணக்கு பழைய கணக்கோட கடைசிப் புள்ளி வரைக்கும் ஒட்டி வரும். மேலதிகாரி மெச்சுவாரு. வெவரமான ஆளா இருந்தா மட்டும், ரெண்டு பேரு தனித்தனியா அளந்தா கொஞ்சமாச்சும் முன்னப்பின்ன வரணுமேன்னு ரோசிப்பாரு. அப்பறம் ரிஜிஸ்டரை மூடி வெச்சுட்டு, உங்க செருப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லுவாரு. அதுல ஒட்டறதுக்குக் கொஞ்சம் சேத்தை இப்பவே தேடி வெச்சுக்குங்க தம்பி. காட்டுக்குள்ள நெறையக் கெடக்குதுங்.