கையெழுத்து கேட்காத சோதனை

சோதனை மருந்துக்கு உடம்பைக் கொடுக்க முன்வருபவருக்கு நம் நாட்டில் ஏட்டளவில் ராஜ மரியாதை. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆபத்துகளை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு கண்காணிக்க வேண்டும். மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

அந்த ‘மருந்தால்’ என்பதில்தான் வழக்கே. 2020இல் சென்னையில் கோவிஷீல்டு கொரோனா தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்த ஒருவர், நரம்புப் பாதிப்பு வந்ததாகச் சொல்லி 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். தயாரிப்பாளரான சீரம் நிறுவனம், அந்தப் பாதிப்புக்கும் தடுப்பூசிக்கும் சம்பந்தமில்லை என்றதோடு, 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்று பதிலுக்கு மிரட்டியது. சோதனையை நிறுத்தத் தேவையில்லை என்றது அரசு. ஆக, தன்னார்வலரின் உடம்பைவிடக் கம்பெனியின் மானம் இருபது மடங்கு விலை.

அத்திப்பட்டுக்காரர்களான நமக்கு இந்த வம்பே கிடையாது. பக்கத்திலிருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகையைச் சுவாசிக்க எவரும் கையெழுத்து கேட்டதில்லை. மருந்துச் சோதனையில் சிலருக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றி ஏமாற்றுவார்கள். இங்கே அந்தப் பாரபட்சமும் இல்லை, எல்லாருக்கும் அசல் சரக்கு.

சோதனையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது தன்னார்வலரின் உரிமை. நமக்கும் உண்டு: அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்தால் போதும். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில் அடுத்த கட்டச் சோதனை.