மாஸ்டர் இன்னைக்கு லீவா?

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஏதாவதொரு சைவ ஹோட்டலில் காலை எட்டரை மணிக்குப் போய் உட்கார்ந்தால் அவரைப் பார்த்துவிடலாம். ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று. சட்டைப் பையில் மட்டும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இன்னமும் குத்திக்கொண்டிருக்கும். எதற்கு என்று கேட்பதை வீட்டில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

நெய் ரோஸ்ட் வந்ததும் அவர் கை வைப்பதில்லை. முதலில் பார்வை. நிறம் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் வெளுத்திருக்கிறதா? பிறகு ஓரத்தில் ஒரு நுனியைக் கிள்ளிக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒடிப்பார். மொறுக்கென்று சத்தம் வந்தால் பாஸ். சத்தமில்லாமல் வளைந்துகொடுத்தால் இடது கை ஆள்காட்டி விரல் மெல்ல உயரும்.

"தம்பி, மாஸ்டர் இன்னைக்கு லீவா?"

ஹோட்டல் பாஷையில் இதைவிடப் பெரிய குற்றப்பத்திரிகை கிடையாது. பழைய சப்ளையர் என்றால் வாதாடாமல் தட்டை எடுத்துக்கொண்டு, "மாத்தித் தர்றேன் சார்" என்று நகர்ந்துவிடுவார். ஒடிசாவிலிருந்து போன வாரம் வந்து சேர்ந்த பையனுக்கு விஷயம் புரியாது. ஸ்கேலையும் முகத்தையும் பார்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று பயந்து கல்லாவுக்கு ஓடுவான். கல்லாக்காரர் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பார். "நம்ம இன்ஸ்பெக்டர் சார்டா. வேற ஒண்ணு முறுகலா போடச் சொல்லு."

இன்ஸ்பெக்டர்தான். ஆனால் போலீஸும் இல்லை, சுகாதாரத் துறையும் இல்லை. குவாலிட்டி.

சென்னைக்கு மேற்கே இப்படி ஓர் இனம் உருவானதில் ஆச்சரியமில்லை. ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து, 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே உருண்டது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா. தரத்துக்காக ஜப்பான்காரர்கள் தரும் டெமிங் விருதை இந்தியாவில் முதன்முதலாக, 1998-ல், வாங்கியது பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் லேத் பட்டறைகள். காலையில் டெம்போவில் போன லாட் சாயங்காலம் சிவப்பு டேக் மாட்டிக்கொண்டு அதே டெம்போவில் திரும்பி வருவது இங்கே அன்றாட நடப்பு. அந்த டேக்கை மாட்டியே முப்பது வருஷம் சம்பளம் வாங்கிய ஒருவர், வெந்தும் வேகாத தோசையைப் பேசாமல் தின்றுவிட்டுப் போவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆலையிலும் சப்ளையர், ஹோட்டலிலும் சப்ளையர். அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அவருடைய தீர்ப்புகளில் மூன்று வகை உண்டு. ஆறிப்போன சாம்பார், டிகாஷன் குறைந்த காபி எல்லாம் 'ரீவொர்க்'. டபராவின் அடியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுலயே கொஞ்சம் டிகாஷன் விட்டு, சூடு பண்ணிக் குடுப்பா" என்பார். புதுக் காபி கேட்கமாட்டார். கருகிய தோசை, எண்ணெய் குடித்த வடை இரண்டும் 'ஸ்க்ராப்'. நீர்த்த தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் ஒரு தனிச் சலுகை: "டீவியேஷன்ல ஏத்துக்கறேன். நாளைக்கு இப்படி இருக்கக் கூடாது."

புகார் முதல் இரண்டு விள்ளலுக்குள் வந்துவிட வேண்டும் என்பதில் அவர் கறார். முக்கால் தோசையை உள்ளே தள்ளிவிட்டு மிச்சத்தைத் திருப்புகிற ஆசாமிகளைக் கண்டால் அவருக்கு ஆகாது. "லாட்ல எழுபத்தஞ்சு பர்சன்ட் யூஸ் பண்ணிட்டு ரிஜெக்ட் போடறான் பாரு" என்று பக்கத்து மேஜைக்குக் கேட்கும்படியே சொல்வார். வாய் வைத்தது எச்சில், அது உள்ளே போனால் நேரே குப்பைத் தொட்டிதான், நஷ்டம் முழுக்கக் கடைக்கு என்பது அவருக்குத் தெரியும். நுனியை மட்டும் கிள்ளிப் பார்க்கும் சம்பிரதாயம் அதனால் வந்ததுதான்.

பிரியாணியிடம் மட்டும் அவர் சாஸ்திரம் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்தியோடு பூந்தமல்லி பைபாஸ் பக்கம் போனால் பெரும்பாலும் பேசாமல் சாப்பிடுகிறார். தோசை ஒவ்வொன்றாகக் கல்லில் ஊற்றுவது. ஒன்று கெட்டால் அடுத்தது சரியாக வரலாம். பிரியாணி முழுக்க ஒரே அண்டா. உப்பு தூக்கலாக இருக்கிறதென்று திருப்பினால் அதே உப்புதான் வேறு தட்டில் வரும். "பேட்ச் ப்ராப்ளம்" என்று பெருமூச்சு விட்டு, அதிகபட்சம் பீஸை மாற்றக் கேட்பார்.

அவர் மனைவிக்கு இதெல்லாம் கடுகளவும் பிடிக்காது. வண்டியை விட்டு இறங்கும்போதே, "வந்த இடத்துல ஆரம்பிச்சுடாதீங்க" என்று ஒரு முன்ஜாமீன் வாங்கிவிடுவார். திருப்பி அனுப்பினால் உள்ளே என்ன பண்ணித் தருவார்களோ என்பது அவர் பயம். தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்கள் கருகிய தோசையை வாய் திறக்காமல் தின்பதற்கு இந்த ஒரு பயமே காரணமாக இருக்கலாம். இன்ஸ்பெக்டர் சாருக்கு அந்தக் கவலை இல்லை. எட்டரை மணி கூட்டத்தில் பழி வாங்க எந்த மாஸ்டருக்கு நேரம் இருக்கிறது என்பார்.

அவருக்குப் பிடித்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1853-ல் சரடோகா ஸ்பிரிங்ஸில் ஒரு பணக்காரர், உருளைக்கிழங்கு வறுவல் தடிமனாக இருக்கிறதென்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தாராம். ஜார்ஜ் கிரம் என்ற சமையல்காரர் கடுப்பாகி, காகிதம் போலச் சீவிப் பொரித்துக் கொடுக்க, சிப்ஸ் பிறந்ததாம். இது கட்டுக்கதை என்றும், வில்லியம் கிச்சினர் 1817-லேயே தன் சமையல் புத்தகத்தில் அந்தப் பக்குவத்தை எழுதிவிட்டார் என்றும் பேரன் ஒருநாள் செல்போனைப் பார்த்துப் படித்துக் காட்டினான். "தேதி தப்பா இருக்கலாம்டா. ப்ராசஸ் கரெக்ட்" என்று முடித்துக்கொண்டார்.

விழுப்புரம் ஊறுகாய் வழக்கு கட்டுக்கதை அல்ல. 2022 நவம்பரில் ஒருவர் நினைவுநாளுக்காக 80 ரூபாய் வீதம் 25 சாப்பாடு பார்சல் வாங்கினார். பிரித்துப் பார்த்தால் ஊறுகாய் இல்லை. கேட்டும் பணம் திரும்பவில்லை, நுகர்வோர் நீதிமன்றம் போனார். 2024-ல் தீர்ப்பு: இழப்பீடும் வழக்குச் செலவுமாக 35,000 ரூபாய், ஊறுகாய்க்கு 25 ரூபாய். செய்தியை வெட்டி லேமினேட் செய்து வைத்திருக்கிறார் இன்ஸ்பெக்டர் சார். அந்த 25 ரூபாயைத்தான் விரலால் தொட்டுக் காட்டுவார்.

அதற்காக அவர் கோர்ட்டுக்குப் போகிற ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. சத்தமெல்லாம் முறுகலுக்கும் சூட்டுக்கும்தான். பொங்கலில் ஒருநாள் தலைமுடி வந்தது. பக்கத்து மேஜை இளைஞனாக இருந்தால் வீடியோ எடுத்திருப்பான். இவர் வாழை இலைத் துண்டை அதன்மேல் கவிழ்த்து மூடினார். தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கல்லாவுக்குப் போனார். இரண்டு வார்த்தை, அதுவும் காதோடு. கல்லாக்காரர் எழுந்து உள்ளே போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்தருக்கும் எதுவும் தெரியாது.

வீட்டுக்கே சாப்பாடு வரவழைக்கும் ஆப் வந்த பிறகுதான் மனுஷர் நொந்துபோனார். நமுத்த வடையைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பதிலுக்கு வருத்தம் வருகிறது, சமயத்தில் பணமும் வருகிறது. யாரிடம் மாஸ்டர் லீவா என்று கேட்பது?

பல நாள் அவரோடு டிபனுக்கு வருகிறவர் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஒரு காலத்தில் இவரிடம் புஷ் கொடுத்து, லாட் லாட்டாகத் திரும்ப வாங்கியவர். அந்த அனுபவமோ என்னமோ, எந்தத் தட்டையும் திருப்பி அனுப்ப அவருக்கு மனசு வராது. நடுவில் கருகிய தோசையை அவர் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றித் தின்றுகொண்டு வருவதை இன்ஸ்பெக்டர் சார் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? விரல் உயர்ந்தது. மாஸ்டர் விசாரிக்கப்பட்டார். புதுத் தோசை வந்தது. பொன்னிறம், ஒரே சீர், ஒடித்தால் சத்தம்.

லேத்காரர் ஒரு விள்ளல் எடுத்து மென்றார்.

"அதுவே நல்லாதான் சார் இருந்துச்சு."