அரியர் வைத்தோர் அனுப்பும் நன்றிக் கடிதம்

பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

பார்ட் டூ இங்கிலீஷில் அரியர் வைத்திருப்போர் சார்பில் எழுதுகிறேன். மாணவர்களுக்கு இலக்கணத்தில் அக்கறையே இல்லை என்று நீங்கள் வருந்துவதாகக் கேள்வி. அபாண்டம்! எந்த இலக்கணத்துக்கு எத்தனை மார்க் என்பது வரை எங்களுக்கு அத்துப்படி.

பள்ளியில் ராமன் பாம்பைக் கொன்றான். உடனே பாம்பு ராமனால் கொல்லப்பட்டது. பட்டப்படிப்புக்கு வந்தும் அதே பாம்பு. செத்த பாம்பை அடிப்பதாக ஊரார் கேலி செய்யட்டும், எங்களுக்கு அது இரண்டு மார்க். யார் செத்தார் என்றுகூடப் பார்க்க வேண்டாம். முன்னால் இருப்பதைப் பின்னால் தள்ளி, நடுவில் 'வாஸ்', கடைசியில் 'பை'. 'நோ சூனர்' வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'தேன்' போடுவோம். அதை வாயால் சொன்னவரை மட்டும் இன்னும் பார்க்கவில்லை, வாத்தியார் உட்பட.

சொந்த வாழ்க்கையில் உங்கள் ஆங்கிலம் கைகொடுப்பது லீவ் லெட்டரில்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' அக்கா கல்யாணமோ, கோயில் கொடையோ, அறுவடையோ, எங்களுக்குக் காய்ச்சல்தான் வரும். வேறு வாக்கியம் கைவசம் இல்லை. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா என்று தமிழில் விசாரித்துக்கொண்டே துறைத்தலைவரும் காய்ச்சலுக்குக் கையெழுத்துப் போடுகிறார்.

ரென் அண்ட் மார்ட்டின் மீதும் எங்களுக்குப் பகை இல்லை. 1930களில் இங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதிய இலக்கணப் புத்தகம். அவர்கள் வீட்டில் பேசிய மொழியை அதில் ஒழுங்குபடுத்திக்கொண்டார்கள். நாங்கள் ஒழுங்கை முதலில் படித்துவிட்டோம், பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. அதே ரென் 1924இல் 'போ ஜெஸ்ட்' என்று ஒரு சாகச நாவல் எழுதியிருக்கிறார். அதைப் பாடமாக வைத்திருந்தால் கதைக்காகவாவது படித்திருப்போம். (வேண்டாம், அதற்கும் கைடு வந்துவிடும்.)

டிகிரி முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பின்னால் உள்ள ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டப்போகிறோம். வாசல் போர்டிலேயே 'கிராமர் கிடையாது' என்று எழுதியிருக்கிறார்கள். கூட்டம் அந்த ஒரு வரிக்குத்தான். தப்பாகப் பேசினால் அங்கே யாரும் சிவப்பு மையில் சுழிப்பதில்லையாம்.

ஒரே ஒரு கோரிக்கை. அடுத்த செமஸ்டரில் காய்ச்சலைத் தவிர வேறு காரணம் சொல்லி ஒரு லீவ் லெட்டர் கேளுங்கள். பிழைக்கு மார்க் குறைக்காதீர்கள். அதற்கு எந்தப் பதிப்பகம் கைடு போடுகிறது, பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பார்ட் டூ, மூன்றாம் முறை