ஒட்டாமை: தோசைக்கல்லை முன்வைத்து ஓர் ஆய்வு

தோசை ஒட்டுவது உலகியல்பு. ஒட்டாமல் வருவதே ஆய்வுக்குரியது. இத்துறை அறிஞர்கள் இரும்புக்கல் கட்சி, நான்ஸ்டிக் கட்சி என இரு பிரிவினர். முன்பு மாமியார் இரும்பையும் மருமகள் நான்ஸ்டிக்கையும் ஆதரித்தனர். இப்போது பல வீடுகளில் இருவரும் கட்சி மாறியிருப்பதை வரலாற்றாசிரியர்கள் கவனிக்கவில்லை.

நான்ஸ்டிக்கின் மூலம் டெஃப்லான். 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் திறந்த உருளையிலிருந்து வாயு வரவில்லை, எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் பொடி. எதனோடும் ஒட்டாத பொடி, வாணலியோடு மட்டும் எப்படி ஒட்டும்? நம் தர்க்க நூலார் கேட்கத் தவறிய கேள்வி இது. 1954இல் பிரான்சின் மார்க் கிரெகுவார் அலுமினியத்தை அமிலத்தால் அரித்து, நுண்குழிகளில் அதைப் பிடிக்க வைத்தார். ஆனால் வெறும் கல்லை அடுப்பில் மறந்து 260 பாகை செல்சியஸைத் தாண்டவிட்டாலும், எவர்சில்வர் கரண்டியால் சுரண்டினாலும் பூச்சு கெடும். வீட்டில் திரும்பப் பூச வழியில்லை.

இரும்புக்கல்லுக்கு அந்த வழி உண்டு. எண்ணெய் தடவிக் காய்ச்சக் காய்ச்ச அதன் மூலக்கூறுகள் பிணைந்து, கருத்த கெட்டிப் படலமாகின்றன. இதுவே கல்லைப் பழக்குவது. அரை வெங்காயத்தைக் கத்தியில் குத்தி, எண்ணெயில் தொட்டுத் தேய்க்கையில் மேலே இன்னொரு வழுக்கு ஏடு படர்கிறது. 2011இல் ஹார்வர்டில் ஜோன்னா ஐசன்பெர்க் குழுவினர், பூச்சியை வழுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து, நுண்துளைகளில் எண்ணெய்போன்ற திரவத்தைத் தேக்கிய பரப்பை உருவாக்கினர். கீறல் விழுந்தால் திரவமே ஓடிவந்து மூடும். வெங்காயம் பற்றி அவர்கள் மௌனம் சாதிப்பது வருந்தத்தக்கது.

தெளித்த நீர் முத்தாக உருண்டோடினால் கல் பழகிவிட்டது என்போரும் உளர். பிழை. அளவுமீறிக் காய்ந்த கல்லில் துளி தன் ஆவியின் மீதே மிதக்கும். லைடன்ஃப்ராஸ்ட் என்பவர் 1756இலேயே இதை எழுதிவைத்தார். அந்நேரம் மாவு ஊற்றினால் கரண்டியோடு சுருண்டு வரும்.

நீடித்து உழைக்கும் பூச்சு எது என்றால், தினமும் புதுப்பிக்கக்கூடியதே என்பது இவ்வாய்வின் தீர்ப்பு. எண்ணெயின்றிச் சப்பாத்தி சுட்டால் அந்தப் படலம் கெடும். எனவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தோசைக்கல்லில் சப்பாத்தி போடாதீர்கள். அதற்கு வேறு கல் வாங்கிக்கொள்ளுங்கள்.