செல்லப்படி

சம்பளச் சீட்டில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஒரு யோசனை. அடிப்படை ஊதியம், பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி, பயணப்படி. அதற்கு அடுத்த வரியில் செல்லப்படி. இதை எல்லா அலுவலகத்திலும் இப்போதே தாராளமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணக்கில்தான் காட்டுவதில்லை. கொடுக்கிற கைக்கு ஏன் இவ்வளவு அடக்கம்?

தகுதி விதிகள் எளிமையானவை. பெறுபவர் பெண்ணாக இருக்க வேண்டும். கொடுப்பவருக்குக் கீழே இருக்க வேண்டும். வயது நாற்பதுக்குள் இருந்தால் முழு விகிதம்: டியர், செல்லம், தங்கம், ஸ்வீட்டி, பேபி. தாண்டிவிட்டால் 'ஏம்மா', 'இந்தாம்மா' என்று ஓய்வூதிய விகிதத்துக்கு இறங்கிவிடும். விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் நிறுத்த மாட்டார்கள். பி.எஃப். பிடித்தம் இல்லை, வருமான வரி இல்லை. பெயர்தான் செல்லப்படி, மளிகைக் கடையிலோ பள்ளிக்கூட ஃபீஸ் கவுன்டரிலோ செல்லாது.

2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு, படிகள் மொத்தத் தொகையில் பாதியைத் தாண்டினால் மிஞ்சியதை ஊதியமாகவே கணக்கிடச் சொல்கிறது. செல்லப்படிக்கும் இதைப் பொருத்திப் பார்த்தால், ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் பெண் நிர்வாக இயக்குநரைவிட அதிகச் சம்பளம் வாங்க வேண்டியிருக்கும்.

இந்தப் படி எதற்குப் பதிலாகக் கொடுக்கப்படுகிறது என்று தெரிய வேண்டுமானால், ஏப்ரல் மாதம் ஏதாவது ஒரு தனியார் அலுவலகத்தின் கண்ணாடி அறைக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். அப்ரைசல் நடக்கும்.

"வாடா, உட்காரு. சாப்டியா? முகம் ஏன் வாடிக் கிடக்கு? நைட்டெல்லாம் உட்கார்ந்து ரிப்போர்ட்ட முடிச்சியாமே, க்ளையன்ட்டே சொன்னாங்க. நீ இல்லன்னா இந்த டீமே இல்லடா. உன்னை என் பொண்ணு மாதிரிதான்டா பாக்கறேன். அதனாலதான் உன்கிட்ட ஓப்பனா சொல்றேன். இந்த வருஷம் மூணுதான்டா போட முடிஞ்சது. பெல் கர்வ், என் கையில ஒண்ணுமே இல்ல. நீ புரிஞ்சுப்பே. நீ நம்ம பொண்ணு."

மூன்று என்றால் 'எதிர்பார்த்த அளவுக்கு வேலை செய்தார்' என்று பொருள். சம்பள உயர்வு, பெட்ரோல் விலையேற்றத்துக்குப் போதும். அப்படியானால் நாலு யாருக்குப் போனது? பக்கத்துத் தடுப்பில் இருக்கிறவருக்கு. அவரிடம் இதே மேலாளர் ஒரு நாளும் 'சாப்டியா' என்று கேட்டதில்லை, 'டா' போட்டதில்லை, முக வாட்டம் பார்த்ததில்லை. காரணம் கேட்டால் அதையும் ஓப்பனாகவே சொல்வார்: "அவன்கிட்ட இப்படிப் பேச முடியாதுடா. பேப்பர் போட்டுட்டுப் போயிடுவான்."

ஒரே உரையாடலில் அத்தனை டா. ஒரு டாவுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பெண்ணின் வீட்டுக் கடன் தவணை முன்கூட்டியே முடிந்திருக்கும். அது கிடக்கட்டும். அந்த மேலாளருடைய சொந்தப் பெண் ஓ.எம்.ஆரில் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய மேலாளர் அவளைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து 'செல்லம்' என்று சொல்லி மூன்று போட்டால், அன்றைக்கு இரவு இவர் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் பார்க்க ஆசைப்படுகிறேன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் அலுவலகத்தில் டீ கொண்டு வருகிற அம்மா எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். செக்யூரிட்டியும் கண்ணு, கணக்குப்பிள்ளையும் கண்ணு, முதலாளியும் கண்ணு, கலெக்டரே வந்தாலும் "சக்கரை போதுமா கண்ணு?" என்றுதான் கேட்பார். நாகர்கோவில்காரர் வாயில் 'மக்களே' வருவது மூச்சு விடுகிற மாதிரி. இவர்களை யாரும் குறை சொல்லவில்லை, சொன்னால் சொல்கிறவர்களுக்குத்தான் பைத்தியம். ஆனால் 'எங்க ஊர் வழக்கம்ங்க' என்று இந்த அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற மேலாளர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை உண்டு. அந்த வழக்கம் உங்கள் ரீஜனல் மேனேஜரிடம் ஏன் நின்றுபோகிறது? வாராந்திரக் கூட்டத்தில் அவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை "டார்கெட் முடிஞ்சுதுடா தங்கம்" என்று சொல்லிப் பாருங்கள். அவரும் ஊர்க்காரர்தானே.

கீழேயிருந்து மேலே இந்தப் படியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பெண், பேர் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம், "இன்னிக்கே அனுப்பிடு செல்லம்" என்ற உத்தரவுக்கு எல்லார் முன்னாலும் "சரி செல்லம்" என்று பதில் சொன்னாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. மறுநாள் காலை மனிதவளத் துறையிலிருந்து 'பணியிட நாகரிகம்' பற்றி ஒரு மின்னஞ்சல் வந்தது. அவளுக்கு மட்டும்.

செல்லம் என்றதும் தமிழ்நாட்டுக்கு நினைவு வருவது அம்மா அல்ல, முத்துப்பாண்டி. 2004-ல் வந்த 'கில்லி' படத்தின் வில்லன். பெண்ணின் அண்ணன்களைக் கொன்றுவிட்டு அவளையே 'செல்லம்' என்று கூப்பிட்டுக்கொண்டு துரத்துகிறவன். இருபது வருஷம் கழித்து 2024-ல் படத்தை மறுபடி வெளியிட்டபோது அந்த ஒரு சொல்லுக்குத் தியேட்டரே எழுந்து ஆடியது. முத்துப்பாண்டியாக வந்த பிரகாஷ்ராஜ் நடிகர், காசு வாங்கிக்கொண்டு வில்லத்தனத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதைப் பயிற்சி வகுப்பாக எடுத்துக்கொண்டவர்கள் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தார்கள்.

ஏ.சி. அறையை விட்டு இறங்கினால் விகிதம் இன்னும் கூடும். எவ்வளவுக்கெவ்வளவு சம்பளம் குறைவோ, அவ்வளவுக்கவ்வளவு பாசம் அதிகம். ஜவுளிக் கடையில் முதலாளி அண்ணாச்சி, மேற்பார்வையாளர் அண்ணன், சேலை மடிக்கிற பெண் தங்கச்சி. உறவு முறை இப்படிக் கச்சிதமாக அமைந்த குடும்பத்தில் தங்கச்சி காலையிலிருந்து இரவு ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டே இருப்பாள். உட்கார ஒரு ஸ்டூல் போடுங்கள் என்று அண்ணன்மார்களுக்குச் சொல்ல, 2021-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. கூடப் பிறந்தவளை உட்கார வைக்கச் சட்டமன்றம் கூடிய மாநிலம் நம்முடையது. ஸ்டூல் வந்த கடைகளிலும் அதில் சேலை அடுக்கியிருக்கிறதா, தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாளா என்று அடுத்த தீபாவளிக்குப் போகும்போது பாருங்கள்.

மேற்கு மாவட்டத்து நூற்பாலைகள் இன்னும் ஒரு படி மேலே போயின. பதினாலு, பதினைந்து வயதுப் பெண்களைக்கூட மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து, கூலியின் பெரும்பகுதியைப் பிடித்துவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருகிறோம் என்றார்கள். அதற்கு வைத்த பேர் சுமங்கலித் திட்டம். இன்னொரு பேர் மாங்கல்யத் திட்டம். மூன்று வருஷம் முடிவதற்குள் உடம்பு கெட்டு வீட்டுக்குப் போன பெண்களில் பலருக்கு மாங்கல்யமும் இல்லை, பிடித்த கூலியும் இல்லை. கொத்தடிமைத் திட்டம் என்று பேர் வைத்திருந்தால் ஒரு தகப்பனாவது யோசித்திருப்பான்.

அரசாங்கம் மட்டும் யோக்கியமா? 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் அங்கன்வாடிப் பெண்களுக்கு ஊதியம் கிடையாது, மதிப்பூதியம். மேடையில் ஏறினால் 'தாயினும் மேலான சகோதரிகளே'. பணிக்கொடை கேட்டால், நீங்கள் ஊழியரே இல்லையே சகோதரி. அவர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று சொல்ல 2022-ல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

ராஜஸ்தான் அரசு இதில் எல்லாருக்கும் முன்னோடி. பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமத்துப் பெண்களை வேலைக்கு எடுத்து, பதவிக்கே 'சாத்தின்', அதாவது தோழி, என்று பேர் சூட்டியது. தோழிக்குச் சம்பளம் கொடுப்பார்களா யாராவது? மதிப்பூதியம்தான். அப்படி ஒரு தோழி பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவருடைய வேலை. அந்த வேலையைச் செய்ததற்காக 1992-ல் ஊரின் ஆதிக்கச் சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள் என்பது வழக்கு. 1995-ல் விசாரணை நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவர்களை விடுவித்தது. தோழி என்று அன்பொழுகப் பேர் வைத்த அரசு, வேலையில் இருக்கும்போது அவரைக் காக்கும் பொறுப்பு தனக்கு உண்டு என்று நினைத்ததாகத் தெரியவில்லை. அந்தக் கோபத்தில் பெண்கள் அமைப்புகள் போட்ட வழக்குதான் விசாகா. 1997-ல் உச்ச நீதிமன்றம் பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வழிகாட்டு நெறிகள் வகுத்தது. அதைச் சட்டமாக்க நாடாளுமன்றத்துக்கு மேலும் பதினாறு வருஷம் பிடித்தது. 2013.

சட்டம் என்ன சொல்கிறது? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். மூன்று மாதத்துக்குள் புகார், தொண்ணூறு நாளில் விசாரணை. குழுவே அமைக்காவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். ஆயுத பூஜைக்கு அலுவலகம் செய்கிற அலங்காரச் செலவைவிடக் குறைவு. நடைமுறை என்ன சொல்கிறது? குழு உறுப்பினர் பெயர்ப் பட்டியல் தண்ணீர் கேனுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒருவர் வேலையை விட்டுப் போய் வருஷக்கணக்காகியிருக்கும். புகாரோடு போனால் முதல் கேள்வி, "அவர் எல்லாரையும் அப்படித்தானேம்மா கூப்பிடுவார்?" எல்லாரையும் என்றால் எல்லாப் பெண்களையும். நூறு பேரிடம் திருடினால் அது திருட்டல்ல, பழக்கம்.

நீதிமன்றத்துக்குப் போனால் செல்லப்படிக்கு ரகவாரியாக விலை உண்டு. அந்தமானில் துர்கா பூஜை சமயத்தில் பணியில் இருந்த பெண் காவலரைப் போதையில் ஒருவர் 'டார்லிங்' என்றார். 2024-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு அது குற்றம்தான் என்று உறுதிசெய்தது. மூன்று மாதத் தண்டனையை ஒரு மாதமாகக் குறைத்தது. அதே உயர் நீதிமன்றத்துக்கு அதே ஆண்டு, கடலோரக் காவல்படையில் பெண் அதிகாரியை மேலதிகாரி 'ஸ்வீட்டி', 'பேபி' என்று கூப்பிட்ட வழக்கும் வந்தது. அவை சில சமூக வட்டங்களில் புழங்கும் சொற்கள், எப்போதும் பாலியல் சாயம் கொண்டவை என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். அந்தப் பெண் சங்கடத்தைச் சொன்ன பிறகு அவர் நிறுத்திவிட்டார் என்பதையும் கணக்கில் எடுத்தது. ஆக, தெருவில் குடித்துவிட்டுச் சொன்னால் குற்றம், சீருடையோடு நிதானமாகச் சொன்னால் சமூக வட்டம். நம் மேலாளர்கள் எந்த வட்டத்தில் சேர்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு தகவல் தொழில்நுட்ப நிறுவன வழக்கில் கொஞ்சம் ஆறுதலாகப் பேசியது: செய்தவரின் எண்ணம் முக்கியமல்ல, அந்தச் செயல் பெண்ணுக்கு வேண்டாததாக இருந்ததா என்பதே முக்கியம். ஆகவே 'நான் தப்பான எண்ணத்துல சொல்லலைங்க' என்ற வாக்கியத்தை மேலாளர்கள் இனி மடித்து உள்ளே வைக்கலாம். உங்கள் எண்ணத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டது சம்பள உயர்வை.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருவர் கை தூக்குவார். பாவம், உண்மையாகவே குழம்பியிருப்பார். "அப்ப என்னதான்ங்க சொல்லிக் கூப்பிடறது? வாய் திறந்தாலே கேஸா?" ஐயா, அவளுக்குப் பேர் இருக்கிறது. கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தையே பார்த்துப் பேசுகிற உங்களுக்கு, இத்தனை வருஷத்தில் அது ஒன்று மட்டும்தான் கண்ணில் படவில்லை.