வேலை நிக்குது, வீடு வளருது

கோவில்பட்டிப் பக்கம் ஒருவர் வீடு கட்டத் தொடங்கினால், கட்டுகிறவரைவிடப் பார்க்கிறவர்களுக்குத்தான் வேலை அதிகம். பால் வாங்கப் போகிறவர், சாயங்காலம் நடக்கப் போகிறவர், பஸ்ஸைத் தவறவிட்டவர் என ஆளாளுக்கு வந்து, ஜல்லிக் குவியல்மேல் ஏறி நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன அண்ணாச்சி, போன வாரம் பார்த்த மாதிரியே கெடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். துபாயில் இருக்கும் மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் படம் போகும். அங்கிருந்தும் இதே கேள்வி திரும்பி வரும். எல்லாரிடமும் இருப்பது ஒரே அளவுகோல்: உயரம். சுவர் ஏறினால் வேலை நடக்கிறது, ஏறாவிட்டால் நின்றுவிட்டது. பாறைப் பூமியில் இந்தக் கணக்கு ஓரளவு சரிப்பட்டு வரலாம். கரிசலில் அது தலைகீழ். இங்கே வீடு உருப்படியாக வளர்கிற நாட்களில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. தடபுடலாக வேலை நடக்கிற நாட்களைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

காரணம் மண்தான். கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் காலை விடாமல் பிடித்துக்கொள்கிற அதே மண், சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். விவசாயிக்கு இது வரம். வெடிப்பு வழியே மழை உள்ளே இறங்கும், மேல்மண் கீழே விழுந்து கலக்கும், மண் தன்னைத்தானே பாதி உழுதுகொள்ளும். இந்த மண்ணுக்கு ஏற்ற பருத்தியை ஆராய 1901-லேயே கோவில்பட்டியில் ஆராய்ச்சிப் பண்ணை வந்துவிட்டது. பருத்திக்கு வரமாக இருப்பது சுவருக்குச் சாபம். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ச்சல் என்றால் வீட்டின் ஒரு மூலை எழும்பும், இன்னொரு மூலை இறங்கும், நடுவில் ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு சாய்வாகப் புறப்படும். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன், பூமணி, சோ. தர்மன் என்று சாகித்திய அகாதெமி விருது பெற்ற நான்கு எழுத்தாளர்களைத் தாங்கிய மண், ஒரு ஒன்பது அங்குலச் சுவரைத் தாங்க மாட்டேன் என்கிறது.

எனவே வீட்டின் முக்கால்வாசிப் புத்திசாலித்தனம் தரைக்குக் கீழேதான் செலவாகிறது. கரிசல் கொஞ்ச ஆழத்தில் முடிந்து சரள் தட்டினால், அதுவரை வானம் தோண்டி, அங்கிருந்து தூணை எழுப்பிவிடலாம். சரள் எட்டாத ஆழத்தில் இருந்தால் 'அண்டர் ரீம் பைல்' போட வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் போன்ற மண்ணுக்காகவே வளர்த்தெடுத்த முறை இது. துளையின் அடிப்பக்கத்தை மேல்பகுதியைப்போல் சுமார் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து, அதில் கான்கிரீட் நிரப்புவார்கள். மண் மேலே தூக்கப் பார்த்தாலும் அந்தக் குமிழ் விடாது. ஆழமான கரிசலில் இது குறைந்தது 3.5 மீட்டர் இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு 2911. அதற்குக் கீழே மழைக்கும் வெயிலுக்கும் மண் அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. இன்னும் விசேஷம் ஒன்று உண்டு. பைல்களின் தலையை இணைக்கும் பீமுக்கு அடியில், மண்ணைத் தொடாமல் 80 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். மண் உப்பினால் உப்பிக்கொள்ளட்டும், வீட்டைத் தொட வேண்டாம் என்று மண்ணோடு செய்துகொள்கிற உடன்படிக்கை அது. ஆக, லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டுகிற வீட்டின் மிக முக்கியமான பாகம் ஒரு சாண்கூட இல்லாத வெற்றிடம். அதைப் படம் பிடித்து துபாய்க்கு அனுப்ப முடியாது. அதற்குக் கண்ணேறு படுமே என்று யாரும் பூசணிக்காய் கட்டுவதும் இல்லை. திருஷ்டிப் பொம்மைகூடச் சுவர் ஏறிய பிறகுதான் ஏறுகிறது. ஊர்க்கண்ணும் உயரத்தைத்தான் பார்க்கும் போலிருக்கிறது.

தரைக்கு மேலே வந்த பிறகும் இதே கதைதான். மொட்டைமாடித் தளம் போடுகிற நாள் திருவிழா மாதிரி இருக்கும்: மிக்சர் மெஷின் இரைச்சல், சித்தாள்களின் வரிசை, மதியம் எல்லாருக்கும் பிரியாணி. மறுநாள் காலையில் ஆளே இருக்காது. வேலை நின்றுவிட்டதாக ஊர் முடிவு செய்கிற அந்தக் காலைதான் கான்கிரீட் மும்முரமாக வேலை செய்கிற நேரம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகுகிறது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் நனைத்து வைக்கச் சொல்கிறது குறியீடு 456. வறண்ட வெயில் என்றால் எந்தச் சிமெண்டானாலும் 10 நாளுக்குக் குறையக்கூடாது; அந்த வரியை எழுதியவர் கோவில்பட்டி வழியாக ஒரு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பார். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள தளத்துக்கு 14 நாள் முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கில் எடுப்பதே 28-ஆம் நாளில்தான். வடக்கே ராமசாமி ராஜா நகர், தெற்கே தாழையூத்து என இரண்டு பக்கமும் சிமெண்ட் ஆலை உள்ள ஊர் இது. குடிக்கிற தண்ணீர்தான் தாமிரபரணிக் கரையில் சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வர வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மானாவாரிச் சீமையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிற ஒரே நிலம் மொட்டைமாடியாக இருக்கிறது.

"இதெல்லாம் புஸ்தகத்துக்குச் சரி. வாடகையும் கட்டிக்கொண்டு, வாங்கின கடனுக்கு வட்டியும் கட்டுகிறவனுக்கு ஒவ்வொரு நாளும் காசு" என்பது நியாயமான ஆட்சேபணை. வங்கியும் அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று படிப்படியாகத்தான் பணம் விடுகிறது. அங்கேயும் உயரக் கணக்குதான். போதாததற்குத் தை மாதம் முகூர்த்தம் குறித்துப் பத்திரிகையும் அடித்திருப்பார்கள். ஆனால் அவசரத்தின் செலவு எப்போது வருகிறது என்று பாருங்கள். பால் காய்ச்சுகிற அன்று எந்தச் சுவரும் வெடிப்பதில்லை. வந்தவர்கள் எல்லாரும் டைல்ஸைத்தான் பார்ப்பார்கள். ஒரு மழை குடித்து, ஒரு கோடை காய்ந்த பிறகுதான் மண் தன் கருத்தைச் சொல்லும். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது கோவில்பட்டியிலும் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. அவ்வளவையும் குடித்த மண் அடுத்த சித்திரையில் சுருங்காமல் இருக்குமா? கடன் தவணைக்கு ஒரு முடிவு உண்டு. விரிசலுக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பதற்கு முடிவே கிடையாது.

"எங்க தாத்தா பைலும் போடலை, பீமும் போடலை, வீடு இன்னும் நிக்குது" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அது உண்மைதான். அந்தத் தாத்தா ஒரே தளத்தோடு நிறுத்திக்கொண்டார், தடித்த சுவர் வைத்தார், சுண்ணாம்புக் காரை பூசினார். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த வெள்ளையில் அந்த வருஷத்து விரிசலும் மறைந்துவிடும். அதோடு, நின்ற வீடுகள்தானே சாட்சி சொல்ல வருகின்றன? விழுந்த வீட்டு மனைகளில் சீமைக் கருவேலம் முளைத்துவிட்டது. அதைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க முடியாது.

கடைசி ஆட்சேபணைதான் கொஞ்சம் வில்லங்கமானது. சும்மா கிடப்பதே வேலை என்றால், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கழுகுமலைப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்ட கொத்தனார்தான் ஊரிலேயே பெரிய உழைப்பாளியா? இல்லை. இரண்டு சும்மாவுக்கும் வித்தியாசம் தெரிய இஞ்சினியர் வேண்டாம், உள்ளங்கை போதும். தூணில் சுற்றியிருக்கிற சாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஆள் இல்லாமலே வேலை நடக்கிறது. பேசாமல் வீட்டுக்குப் போகலாம். காய்ந்து மொடமொடத்தால் வேலை நிஜமாகவே நின்றுவிட்டது; உடனே மேஸ்திரிக்குப் போன் போடலாம். அவர் எடுத்து, "நாளைக்கு வாறேன் அண்ணாச்சி" என்பார். நனைப்பதற்கு 10 நாள், முட்டுக்கு 14 நாள், பலத்துக்கு 28 நாள் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற தரக் குறியீட்டில், மேஸ்திரியின் 'நாளை' எத்தனை நாள் என்பதற்கு மட்டும் பிரிவே கிடையாது.